ஒன்பது சட்டைக்கு நாலு சுரம்

சென்ற வாரம் மந்தரீனோ என்னும் ஒரு குட்டி ஆரஞ்சுப் பழத்தை உரித்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் என் பழைய கீபோர்ட்டின் கட்டைகள்தான் நினைவுக்கு வந்தன. பழத்துக்கும் வாத்தியத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவின் பெயர் யூட்.

தொண்ணூறுகளில் யூட், இத்தாலியில் பலேர்மோ நகருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் இந்தப் பழம் பறிப்பான். ஞாயிறுகளில் படம் எடுப்பான். இரவல் கமரா, நடிப்பதற்கு பலேர்மோவில் வீட்டுவேலை செய்யும் நம் இலங்கைச் சனம். தேவாலயத்தில் பாட்டுக்கு கீபோர்ட் வாசித்த பாவத்துக்கு இசையமைப்பாளர் நான். கழுவாத விரல்களால் என் கட்டைகளைத் தட்டி, இப்படிப் போடு என்பான். மணம் நாலு நாள் போகாது.

சண்டை ஒரே ஒரு காட்சிக்கு. தொலைபேசிக் கூண்டில் தாய் இறந்த செய்தி கேட்கிறான் நாயகன். பிறகு வேலை செய்யும் சின்யோரா வீட்டுக்குப் போய், இஸ்திரிப் பெட்டியால் சட்டைகளை மினுக்குகிறான். அவ்வளவுதான். யூட்டுக்கு அங்கே வயலின் கதற வேண்டும். எனக்கோ இடக்கையில் நாலு சுரம், இடையில் நிறைய மௌனம்.

"சனம் அழ வேண்டாமோ?" என்றான்.

"அவனே அழேல்லை. பிறகென்னத்துக்கு என்ரை மியூசிக் அழுறது?"

உண்மையில் அந்தக் கூண்டில் நின்றவன் நான். வேறு யாருக்கோ நடந்ததுபோல் யூட்டிடம் சொல்லியிருந்தேன். அன்று வியா மக்வேதாத் தெருவில் சனத்துக்குள் நடந்து வேலைக்குப் போய், ஒன்பது சட்டை மினுக்கினேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அதற்காக இன்றுவரை வெட்கப்படவும் இல்லை. சொந்தத் துக்கத்துக்கு யாராவது கூலிக்கு மாரடிக்க ஆள் பிடிப்பார்களா? முடியாது, வேண்டுமானால் படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு என்றேன். பெயரை எடுத்தான். ஏனோ இசையில் கைவைக்கவில்லை.

தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் படம் ஓடியது. அந்தக் காட்சி வந்ததும் ஒருவர் எழுந்து, சத்தம் நின்றுவிட்டதென்று டிவியைத் தட்டப் போனார். என் முகம் சுருங்கிவிட்டது, பொய் சொல்வானேன். பின்னாலிருந்து யாரோ அவரை இருக்கச் சொன்னார்கள். படம் முடிந்து வெளியே வந்தபோது, தேவாலயத்தில் என் வாசிப்பைக் கேட்டுப் பழகிய, துறைமுகத்தில் மூட்டை இறக்கும் மன்னார் அண்ணர் ஒருவர் என் தோளைப் பிடித்தார்.

"தம்பி, உமக்கு ஆர் செத்தது?"

"அம்மா" என்றேன். யூட்டும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த மண்டபத்துச் சனத்தில் பாதி இங்கிலாந்துக்குப் போய்விட்டது, யூட்டும்தான். அவனிடம் மிஞ்சிய ஒரே வீடியோ கசெட்டில் பூஞ்சணம். படம் மங்கலாகத் தெரிகிறதாம், சத்தம் அறவே இல்லையாம். போன மாதம் அழைத்தான். மகனின் கணினியில் நல்ல வயலின் இருக்கிறது, அந்தக் காட்சிக்குப் போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அந்த நாலு சுரம் எவை என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை. போகட்டும். அந்த இடத்தில் இன்றுவரை வயலின் இல்லை.