செவிடன் ஊதிய சங்கு

மதுரை கோச்சடையில் எங்கள் தெருவுக்கு வந்து, மனசுக்குச் சத்த வைத்தியம் பார்க்கிறவர் வீடு எது என்று கேட்டால், யாரும் என் தையல் கடையைத்தான் காட்டுவார்கள். கடை கீழே, வைத்தியர் மாடியில். வருகிறவர்கள் ஏறும்போது என்னிடம் வழி கேட்பார்கள், இறங்கும்போது ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். அதனால்தான் அவரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் வெளியே விடாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த முனீஸ்வரி ஒன்றும் பெரிய யோக்கியம் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வைத்தியர் பெயர் அழகுமலை. பலகையில் 'நாதயோகி' என்று முன்னால் சேர்த்து எழுதியிருப்பார். அலங்காநல்லூர்ப் பக்கத்து ஆள். இருபத்தைந்து வருஷம் மைக் செட் போட்டவர். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கிடாவெட்டு, எழவு, ஒன்று விட்டதில்லை. ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கிவைத்து, அதற்குப் பக்கத்திலேயே பாய் விரித்துத் தூங்கியவர். சுற்றுவட்டாரத்தில் எத்தனை கிழவர்களுக்கு நெஞ்சு படபடத்ததோ, எத்தனை பச்சைப்பிள்ளைகள் வீறிட்டதோ! அந்த மனுஷன் ஐம்பது வயதுக்கு மேல், சத்தத்தால் மனசுக்கு அமைதி கொடுக்கிறேன் என்று கிளம்பினால் எனக்குச் சிரிப்பு வருமா, வராதா?

அதுகூடப் போகட்டும். ஆளுக்குக் காது கேட்காது. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் பாதி ஏறும். குடிவந்த மூன்றாம் நாளே நான் கண்டுபிடித்துவிட்டேன். "அண்ணே, டேங்க் நெறஞ்சு வழியுது, மோட்டார அமத்துங்க" என்று படியில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் வலது கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணி, "நல்லது, நல்லது" என்றார். தண்ணீர் என் கடைக்குள் வந்து நாலு பாவாடைத் துணியை நனைத்தது. அவர் பெண்டாட்டி முத்துமீனா ஓடி வந்து, "முனீசு, வெளிய சொல்லிறாத தாயி, பொழப்பு போயிரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்றேன்.

வைத்தியம் இதுதான். வந்தவரைப் பாயில் படுக்கவைத்து, தலைமாட்டில் ஒரு வெண்கலப் பாத்திரத்தை மரக்கட்டையால் தட்டுவார். ஞொய்ங் என்று அது கொஞ்ச நேரம் இரையும். இமயமலையிலிருந்து வந்த பாத்திரமாம். முத்துமீனா பாயசம் வைத்த உருளி அது! 'முத்துமீனா சடங்குக்குத் தாய்மாமன் சிவனாண்டி அன்பளிப்பு' என்று வெட்டியிருக்கும் பக்கத்தைச் சுவர்ப்புறம் திருப்பிவைத்திருப்பார். ஒரு பேங்க் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "சிவனாண்டி யாருங்க?" என்று கேட்டாராம். இவர் கண்ணை மூடிக்கொண்டு "நல்லது" என்றிருக்கிறார். அதிகாரி அதற்குள் ஏதோ தத்துவம் இருப்பதாக நினைத்து அடுத்த வாரம் சம்சாரத்தையும் கூட்டிவந்தார்.

தட்டி முடித்ததும் மூன்று தடவை சங்கு ஊதுவார். பிறகு எதிரே உட்கார்ந்து, "மனசுல உள்ளதச் சொல்லுங்க" என்பார். மாமியார் கொடுமை, மகன் படிக்காதது, பங்காளித் தகராறு என்று அவர்கள் கொட்டித் தீர்ப்பார்கள். இவர் அவர்கள் வாயையே பார்த்துத் தலையாட்டிவிட்டு, அவ்வப்போது "நல்லது, அப்படியே செய்ங்க" என்பார். கீழே வந்து என்னிடம், "எம்புட்டு பொறுமையாக் கேக்குறாரு! எங்க வீட்டு மனுசன் ஒரு வார்த்த காது குடுத்துக் கேப்பாரா?" என்று பெண்கள் உருகும்போது, நான் சிரிப்பை அடக்கப் பாடுபட்டு விரலில் ஊசியை ஏற்றியிருக்கிறேன். மதுரையில் புத்தி சொல்ல ஆயிரம் பேர் உண்டு. குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருக்க ஆள் கிடையாது. அதில்தான் அவர் பிழைத்தார்.

செவ்வாய்க்கிழமைதோறும் வில்லாபுரத்திலிருந்து சோணையம்மாள் வருவார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரே மகன் அருள்பாண்டி போன வருஷம் ரிங் ரோட்டில் பைக்கில் போகும்போது லாரி மோதிச் செத்துப்போனான். அன்றிலிருந்து அந்த அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை, சரியாகத் தூங்கியதும் இல்லை. பத்து வாரமாக இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததில்லை என்பதால் நானும் அதிகம் பேச்சுக் கொடுத்ததில்லை.

பத்தாவது செவ்வாய், நான் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சோணையம்மாள் மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தார்.

"எம்மகனுக்கு எடுத்த சட்டத் துணி ஆத்தா. யாருக்காச்சும் தச்சுக் குடுத்துரு. நான் போறேன்."

சரிக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த கொக்கியை எடுத்தேன். கை நின்றது. எங்கள் பக்கம் ஒருத்தர் வீட்டைவிட்டு இறங்கும்போது 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'வாரேன்' என்பார்கள், இல்லை 'போயிட்டு வாரேன்' என்பார்கள். உன் வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று சண்டை போட்டுக் கிளம்புகிறவன்கூட, பழக்கதோஷத்தில் 'வாரேன்' என்றுதான் கிளம்புவான்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் பிடித்துவிட்டேன்.

"எக்கா, போறேன்னா என்னக்கா அர்த்தம்?"

"மேல அவருகிட்டச் சொல்லிட்டேன் ஆத்தா. இனி இருந்து என்ன செய்யப் போறேன், எம்புள்ள போன எடத்துக்கே போயிரலாம்னு இருக்கேன்னு சொன்னேன். நல்லது, அப்படியே செய்ங்கன்னுட்டாரு. சிரிச்ச மொகமாச் சொன்னாரு."

இத்தனை நாள் நான் அடக்கி அடக்கிச் சிரித்த 'நல்லது' அதுதானே! பாவி, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த அம்மா பத்து வாரம் அந்தப் பாயில் படுத்திருக்க மாட்டார். பையை அவர் கையிலேயே திணித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

அழகுமலை உருளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது காதில் வாயை வைத்துக் கத்தினேன்.

"யோவ்! இந்த அக்கா உங்கிட்ட என்னய்யா சொன்னாக?"

"மனசு லேசா இருக்குன்னாக."

"சாகப் போறேன்னு சொல்லிருக்காகய்யா! நீ நல்லதுன்னுருக்க!"

கட்டை கையிலிருந்து விழுந்தது. முத்துமீனா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தவள், வாயைப் பொத்திக்கொண்டாள். அழகுமலை இரண்டு கையையும் கூப்பினார்.

"தாயி, எனக்குக் காது கேக்காது தாயி. பத்து வாரமா நீங்க சொன்னதுல ஒரு வார்த்த எனக்கு விழுகல."

சோணையம்மாள் அவரையே பார்த்தார். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கோபம்!

"அட நாசமாப் போறவனே! ரெண்டு பஸ்ஸு மாறி வந்து செவிடன் காதுலயா சங்கு ஊதுனேன்? எம்புள்ளயப் பத்தி ஒண்ணுமே கேக்கலயா நீ? அவன் பேராச்சும் தெரியுமாடா?"

அழகுமலை இல்லை என்று தலையாட்டினார். சோணையம்மாள் அவருடைய வலது காதைப் பிடித்துத் திருகி இழுத்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"அருள்பாண்டி! எம்புள்ள பேரு அருள்பாண்டிடா!"

மூன்றாவது தடவை பேரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். ஒரு வருஷத்து அழுகை. நானும் முத்துமீனாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அழுதோம். அன்றைக்கு உருளியை யாரும் தட்டவில்லை.

அன்று ராத்திரி சோணையம்மாளை முத்துமீனா வீட்டுக்கு அனுப்பவே இல்லை. மறுநாள் நான் கடையைப் பூட்டிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மனசுக்குப் பார்க்கிற டாக்டரம்மா நிதானமாக எல்லாம் கேட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார், வாராவாரம் வரச் சொன்னார். கூடவே முத்துமீனா தன் புருஷனைக் காது பார்க்கிற இடத்துக்கு இழுத்துப்போனாள். அழகுமலை காதில் மிஷின் ஏறியது.

மிஷின் ஏறியதோடு வைத்தியம் படுத்துவிட்டது. காது வந்ததும் வாயும் வந்துவிட்டதே! மாமியாரைப் பற்றிச் சொன்னால், "நீங்களும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகலாம்ல" என்கிறார். அதைச் சொல்லத்தான் ஊர் முழுக்க ஆள் இருக்கிறதே! பேங்க் அதிகாரி நின்றுவிட்டார். எனக்கும் ஜாக்கெட் வரத்துக் குறைந்தது. வேண்டியதுதான் எனக்கு.

சோணையம்மாள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, செவ்வாய்க்கிழமை தவறாமல் மாடிக்கு வருகிறார். பாய் கிடையாது, சங்கு கிடையாது. அருள்பாண்டி சின்ன வயதில் பண்ணிய சேட்டைகளைச் சொல்கிறார். அழகுமலை குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கிறார், திட்டு வாங்குகிறார்.

அந்த அம்மா இறங்கும்போது அழகுமலை படிக்கட்டின் உச்சியில் வந்து நிற்பார். மிஷின் நன்றாகத்தான் வேலை செய்கிறது, எனக்குத் தெரியும். இருந்தாலும் காதருகே கையைக் குவித்துக்கொண்டு கேட்பார்.

"என்ன சொன்னீக?"

"வாரேன்யா."

"கேக்கல."

"வாரேன்னு சொன்னேன்யா."

"சத்தமா, தாயி."

"வாரேன்டா செவிட்டுப் பயலே! அடுத்த செவ்வாக்கெழமயும் வாரேன்!"

தெருவே திரும்பிப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் அவர், "நல்லது" என்பார்.