பூவும் இலையும் சந்திக்காத செடி

கோடை மழை பெய்த மறுவாரம், பச்சைமலை அடிவாரத்து ஊரில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது காட்டோரமாக வண்டியின் செயின் கழன்றுகொண்டது. என் கணவர் பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஊரில் எந்த இயந்திரத்தையும் ஓடவைப்பார், சொந்த வண்டியைத் தவிர. அவர் செயினோடு மல்லுக்கட்டட்டும் என்று நான் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரநிழலுக்குள் போனேன்.

அங்கேதான் அதைப் பார்த்தேன். சருகுக்குள்ளிருந்து சாண் உயரத்துக்கு ஒற்றைத் தண்டு. அதில் வெளிர்பச்சைப் பூக்கள் நாலைந்து, திட்டு வாங்கிய பிள்ளைகள்போலத் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. இலை என்று ஒன்றுகூட இல்லை.

வங்கிக் கவுண்ட்டரில் நாளெல்லாம் மனிதர்களையே பார்ப்பதால், லீவு நாளில் செடிகளைப் பார்ப்பது என் வழக்கம். அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறேன். அங்கே ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் உண்டு. படத்தை அனுப்பியதும் பதில் வந்தது.

"இலை எங்கே?"

"இலையே இல்லைங்க சார்."

"இலை பாக்காம நான் பேர் சொல்ல மாட்டேன்மா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே கணவரை இழுத்துக்கொண்டு போனேன். இலை இல்லை. இப்போது பூவும் இல்லை. "பூவே ஓடிப்போச்சு, இனி எலைய எங்க போய்த் தேடுறது? வா போலாம்" என்றார் அவர். நான் அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தேன்.

இன்னும் இரண்டு மழைக்குப் பிறகு போனபோது, கல்லுக்குப் பக்கத்தில் இதய வடிவில் ஓர் இலை, விசிறிபோல மடிப்பு மடிப்பாக. வேறெதுவும் இல்லை. படம் அனுப்பினேன்.

"சரி, பூ எங்கே?" என்று கேட்டார் பேராசிரியர்.

என் கணவர் போனைப் பிடுங்கிக் குரல் பதிவு அனுப்பிவிட்டார். "சார், ரெண்டும் ஒண்ணா வரணும்னா ஜாதகம்தாங்க பாக்கணும்!"

உடனே பேராசிரியர் கூப்பிட்டார். ஒரே சிரிப்பு. "ரெண்டும் ஒண்ணா வராதும்மா. பூ காஞ்ச பொறவுதான் எலை வரும். அப்பவே சந்தேகம், அவசரப்பட்டு மாட்டிக்க வேணாம்னு இருந்தேன். இது ஓரிலைத் தாமரை. பேருதான் தாமரை, குளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஆர்க்கிட் இனம். இந்தப் பக்கம் பாத்ததா யாரும் எங்கிட்டச் சொன்னதேயில்ல. எடத்த யாருக்கும் சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. ஆனால் என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. கடையில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, "எங்கூட்டம்மா மலைக்காட்டுல ஓரிலைத் தாமரை கண்டுபுடிச்சிருக்கு" என்று ஒரு வாடிக்கையாளரிடம் கத்தியிருக்கிறார். அந்த இரைச்சலில் வாடிக்கையாளர் காதில் விழுந்தது ஓரிதழ்த் தாமரை.

அது வேறு செடி. வரப்போரத்தில் சாதாரணமாக முளைப்பது. அதன் பொடியை நாட்டுமருந்துக் கடையில் வாங்கி, ஆண்கள் யாருக்கும் தெரியாமல் பாலில் கலந்து குடிப்பார்கள். எதற்கு என்று கேட்டால் உடம்பு அசதி என்பார்கள்.

ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லா வூட்லயும் உள்ளதுதான் கண்ணு, மனச வுட்டுடாத" என்றார்.

"எதுக்குக்கா?"

அவர் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த என் கணவரை இரக்கத்தோடு பார்த்தார்.

டீக்கடையில் என் கணவருக்கு மட்டும் பால் கூடுதலாக வரத் தொடங்கியது. வங்கியில் ஒரு பெரியவர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் குனிந்து, "மேடம், அது மலைல எந்தப் பக்கம்ங்க?" என்று கிசுகிசுத்தார். அது வேறு, இது வேறு என்று நான் விளக்க விளக்க எல்லோரும் தலையாட்டிச் சிரித்தார்கள். விடியற்காலையில் புருஷனும் பெண்டாட்டியும் காட்டுக்குப் போனதை ஊரே பார்த்திருக்கிறதே.

என் கணவருக்கு விஷயம் புரிந்த அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "ஊருக்குள்ள தலகாட்ட முடியல. ஒரு பூவால வந்த வெனை" என்றார்.

அதைவிடப் பெரிய சேதி மறுநாள் வந்தது. கடைத்தெரு ஆட்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து மலையடிவாரத்துக்குப் போகப் போகிறார்களாம். போனால் மண்வெட்டியோடுதான் போவார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

நாலு பேர் நடுவில் நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஆமா, அதேதாங்க. நான்தான் சாப்புடுறேன். ஆனா மலைல இல்ல. எறையூர் போற வழியில கரும்புக் காட்டு வரப்பெல்லாம் அதான் கெடக்கு. நல்லா கேக்குது."

வேன் எறையூருக்குப் போனது. வரப்பில் நிஜமாகவே அது மண்டிக் கிடந்ததால் கட்டுக் கட்டாகப் பிடுங்கி வந்தார்கள். நன்றிக்கடனாக ஒரு கட்டு எங்கள் வீட்டுக்கும் வந்தது. அவர் அதை வாங்கி, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

மறு வருடக் கோடை மழைக்குப் பேராசிரியர் பஸ் ஏறி வந்தார். பூத்திருந்தது. மனிதர் வேட்டியை மடித்துக்கட்டிக் குப்புறப் படுத்தார். லென்ஸ் வழியாக ஒவ்வொரு பூவாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். கடைசியாக என் கணவரும் படுத்தார். "அடேயப்பா, உள்ள நரம்பு நரம்பா கோடு ஓடுது" என்றவர் எழுந்திருக்கவில்லை.

பேராசிரியர் லென்ஸுக்காக இரண்டு முறை கையை நீட்டிப் பார்த்தார்.

"இருங்க சார், கடைசிப் பூவ இன்னும் பாக்கல" என்றார் இவர்.