இன்னொரு போர்வை

ஊரடங்கு வேண்டும் என்று பேசியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மழுப்பக் கூடாது.

கே.கே. நகரில் எங்கள் மொட்டை மாடிக்கும் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கும் நடுவே ஒரு சின்னச் சந்துதான். முதல் ஊரடங்கில் சாயங்காலமானால் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர். சொந்த ஊர் அலங்காநல்லூர் பக்கம், வங்கியில் வேலை, என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் நிரூபித்து முடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. கையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி கத்துவோம்.

"நாலு தெருவைத் தகரம் வச்சு அடைச்சா நோய் அங்கிட்டே நின்னுருமாண்ணே? கூலிக்குப் போறவன் எம்புட்டு நாளைக்கு வீட்டுல உக்காருவான்?"

"கூலி இன்னைக்குப் போனா நாளைக்கு வரும் தம்பி. வயசானவங்க உசிரு போனா வருமா?"

இதுதான் என் துருப்புச்சீட்டு. எந்த வாதத்தையும் கடைசியில் இங்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். ஒருநாள் அவர் கேட்டார்: "வயசானவங்களுக்காக, வயசானவங்களுக்காகங்கிறீங்க. அவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணே?"

கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கேட்கப்படாத மனிதர் கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என் அப்பா. வயது எழுபத்தொன்பது. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் சட்டை போட்டு, வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டி, முக்குக் கடைக்குப் போய் மூன்று சேக்காளிகளோடு காபி குடித்து, ஒரே பேப்பரை நான்காகப் பிரித்துப் படித்துவிட்டு வந்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

நான் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குளிக்கப் போகும்போதும் அது என்னோடுதான் வரும். முதல் வாரம் சாவியைக் கேட்டார். அடுத்த வாரம் கேட்காமல், சட்டை போட்டுக்கொண்டு கேட்டருகே வந்து நின்றார். ஒரு மாதம் போனபின் சட்டை போடுவதையே விட்டுவிட்டார். ஒருவழியாகப் புரிந்துகொண்டார் என்று எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நாங்கள் சௌராஷ்டிரர்கள். வாசலுக்கு வெளியே தமிழ், உள்ளே எங்கள் பாஷை. எங்கள் பாஷையில் தண்ணீருக்குப் பனி என்று பெயர். ஒருநாள் மத்தியானம் அப்பா கேட்டருகே நின்றபடி என் மனைவியிடம் "பனி" என்று குரல் கொடுத்தார். வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்கய்யா, சித்திரை வெயில்ல பனி கேக்குறீக? அதுக்குக் கொடைக்கானல்லதான் போய்க் கேக்கணும்!"

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அது தண்ணீர் என்று விளக்கினார். அதிலிருந்து தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஐயா, பனி குடிச்சாச்சா?" என்று ஒரு குரல் வரும். அப்பா டம்ளரைத் தூக்கிக் காட்டுவார். பூட்டிய கேட்டுக்கு உள்ளே இருந்த மனிதருக்கு வெளியுலகத்தோடு மிஞ்சிய பேச்சு அவ்வளவுதான். அதையும் முகக்கவசம் போட்டுப் பேசுங்கள் என்று நான் ஒருமுறை அதட்டியிருக்கிறேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அப்பாவுக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் உச்சத்தில் இருந்த இரண்டு நாளும் தமிழ் அவரிடமிருந்து சுத்தமாகக் கழன்றுவிட்டது. வீட்டுக்கு வந்த டாக்டரிடமும் எங்கள் பாஷையிலேயே பேசினார். காய்ச்சல் இறங்கியதும் தமிழ் திரும்பியது. அதைச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரும் அவரும் ஒரு மாதம் சிரித்தார்கள்.

இரண்டாம் அலையில் நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தது அப்பாவின் சேக்காளிகள் இல்லை. முக்குக் கடை இல்லை. நான்தான். பள்ளிக்கூடத்தில் ஏதோ வேலை என்று கூப்பிட்டார்கள். மூன்று நாள் போனேன். நாலாம் நாள் ரசத்தில் வாசனை தெரியவில்லை. மாடி அறையில் கிடந்து, இரண்டு வாரத்தில் தேறி எழுந்தேன். நான் எழுந்தபோது அப்பா இருமிக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்தோம். நுரையீரலில் பாதிக்கு மேல் பரவிவிட்டது, உடனே ஆக்ஸிஜன் வைக்க வேண்டும் என்றார்கள்.

படுக்கை கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்த நாட்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான் போன் மேல் போன் போட்டு இரண்டு இடம் பிடித்தார். ஒன்று ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கவச உடை போட்டுக்கொண்டு வீட்டு ஆள் ஒருத்தர் உள்ளே இருக்கலாம். இன்னொன்று பெரியது, ஒழுங்கானது. வெளியாள் யாரையும் வாசல் தாண்ட விடமாட்டார்கள். இரண்டிலும் ஆக்ஸிஜன் இருந்தது.

"சின்னதுக்கே போவோம்ணே. உங்களுக்குத்தான் வந்து போயிருச்சுல்ல, நீங்க கூட இருங்க. காய்ச்சல் ஏறுனா ஐயாவுக்குத் தமிழ் வராதுண்ணே."

"சொந்தக்காரங்களை உள்ள விட்டு விட்டுத்தான் இம்புட்டுப் பரவிக் கிடக்கு. ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். எங்கப்பாவுக்குன்னு தனியா ஒண்ணு போட முடியுமா?"

அப்போதும் எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது. ஒரு வருடமாக மாடியில் நின்று பேசியதை என் வீட்டு வாசலில் எப்படி மாற்றிப் பேசுவது? அவர் போனை எடுத்துப் பெரிய இடத்துக்கே சொல்லிவிட்டார். சரி, ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் அப்பாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனார்கள். கேட் விரியத் திறந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, எங்கள் பாஷையில், "திறந்துட்டியா?" என்றார். கிண்டலா, உண்மையாகவே கேட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

மூன்றாம் நாள் மத்தியானம் வார்டிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டார். சின்னப் பெண்ணின் குரல். அத்தனை வேலைக்கு நடுவிலும் தானாகவே கூப்பிட்டிருந்தார்.

"சார், பெரியவர் பேசிக்கிட்டேதான் இருக்காரு. என்ன சொல்றாருன்னுதான் எங்களுக்குப் புரியல. பனி, பனின்னு அதையே சொல்றாரு. காய்ச்சல்ல குளிருது போல. போர்வை போத்திவிட்டேன். அப்பவும் விடாம அதையே சொல்றாரு."

"ஆமா சிஸ்டர், அவருக்குக் குளிர் தாங்காது. இன்னொரு போர்வை போத்திவிடுங்க."

"சரி சார்."

ரொம்ப நன்றி சிஸ்டர் என்று இரண்டு முறை சொன்னேன். வெளியே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தமிழில் பேசினார், நான் தமிழில் பதில் சொன்னேன். அந்த வார்த்தையும் என் காதில் தமிழாகவே விழுந்தது. இதைத் தவிர எனக்குச் சொல்லிக்கொள்ளச் சமாதானம் எதுவும் இல்லை. போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவியிடம் பனி கேட்டேன். கொடுத்தாள். குடித்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார். நல்லபடியாகக் கவனிக்கிறார்கள் தம்பி, பெரிய இடம் என்றால் பெரிய இடம்தான் என்று ஆரம்பித்தேன். நர்ஸ் தானாகவே கூப்பிட்டதைச் சொன்னேன். அப்பா பனி, பனி என்று சொல்வதையும், நான் போர்வை போடச் சொன்னதையும் சொன்னேன்.

அவர் காபி டம்ளரைச் சுவர்மேல் வைத்தார்.

"அண்ணே, ஐயா தண்ணி கேட்டுருக்காருண்ணே."

அங்கேயே உட்கார்ந்து போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. அவர் தன் போனில் போட்டார். எத்தனை முறை என்று தெரியாது. கடைசியில் ஓர் ஆண் குரல் எடுத்தது. பனி என்றால் தண்ணீர், எங்கள் பாஷை, மத்தியானத்திலிருந்து கேட்கிறார், கொடுங்கள் என்று கத்தினேன். பகல் ட்யூட்டி சிஸ்டர் போய்விட்டார், சொல்கிறோம் சார் என்றார்கள். சொன்னார்களா, கொடுத்தார்களா, தெரியாது. மறுநாள் காலையில் அவர்களே கூப்பிட்டார்கள். அப்பா விடியும்போது போய்விட்டார்.

மின்மயானத்தில் தள்ளி நிறுத்தி முகத்தை மட்டும் காட்டினார்கள். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் நின்றது பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர்தான். எங்களவர்கள் யாரும் வரவில்லை; வர வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான்.

டாக்டர் பின்னால் பொறுமையாக விளக்கினார். அந்த நிலைமையில் டம்ளர் டம்ளராகக் கொடுத்திருக்க முடியாது, உதட்டை நனைத்திருக்கலாம், ஆனால் முடிவு மாறியிருக்காது என்றார். அந்த நர்ஸ் மேலும் எனக்கு ஒரு குறையும் கிடையாது. புரியவில்லை என்றதும் அவர் வீட்டு ஆளைக் கேட்டார். வீட்டு ஆள் பதில் சொன்னான்.

வைகாசியில் பக்கத்து வீட்டுக்காரரின் அம்மா தவறினார். ஊரில் ஒரு கேதத்துக்குப் போக வேண்டாம் என்று அம்மாவை இவர் தடுக்கவில்லை. இழவு வீட்டுக்குப் போகாமல் எப்படி மனுஷர் இருப்பது என்று மாடியில் எத்தனையோ தரம் சொன்னவர் ஆயிற்றே. அங்கேதான் தொற்றியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஊரிலிருந்து வந்தவர் மாடியில் நின்று, "நீங்க சொன்னதும் சரிதாண்ணே" என்றார். நான் கீழே இறங்கிவிட்டேன். அப்புறம் நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

பள்ளிக்கூடத்தில் எடுக்கிறார்கள். இடைவேளையில் யாராவது ஆரம்பிப்பார்கள்: ஊரை அடைத்தது சரியா தப்பா, பெரியவர்களைக் காப்பாற்றினோமா பூட்டிவைத்துக் கொன்றோமா. "நீங்க சொல்லுங்க சார்" என்று என் பக்கம் திரும்புவார்கள். இரண்டு பக்கத்துக்கும் என்னிடம் வாதம் இருக்கிறது. இன்றைக்கும் எந்தப் பக்கம் நின்றாலும் என்னால் ஜெயித்துக் காட்ட முடியும்.

நான் விடைத்தாளைத் திருத்துவதுபோல் குனிந்துகொள்கிறேன். அப்பா கடைசியாகக் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. பேசப் பழகும்போது நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அதற்கு நான் இன்னொரு போர்வை போடச் சொன்னேன்.