தங்கைக்கு அனுப்பிய காவல்

எங்கள் பேஸ்மென்ட் அறையில் ஜன்னல் விளிம்பில்தான் சிக்னல் கிடைக்கும். என்னோடு அறை பகிர்ந்த அண்ணை தொலைபேசியை அங்கே வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, வேலைச் சப்பாத்தின் நாடாவைக் கட்டியபடி பேசுவார். மொன்றியலுக்கு வருமுன் நான்கு நாடுகளில் இப்படிப் பலரோடு அறை பகிர்ந்திருக்கிறேன். பெரும்பாலான முகங்கள் மறந்துவிட்டன. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இவரோடு இருந்தது ஒரே ஒரு குளிர்காலம். துறைமுகத்துக் களஞ்சியத்தில் இருவரும் பெட்டி ஏற்றினோம்.

இலங்கையில் போர் முடிந்தபின் வந்த முதல் பொதுத் தேர்தலில் அவருடைய தங்கை மன்னாரில் நின்றார். போர்க்காலத்தில் தங்கையின் கணவரை வீட்டிலிருந்து கூட்டிப்போனது ஓர் ஆயுதக் குழு. அவர் திரும்பவில்லை. அந்தக் குழு இப்போது கட்சியாகி, தங்கையின் சிறிய கட்சியோடு கூட்டுச் சேர்ந்திருந்தது.

"அவங்களோட ஒரே மேடையில எப்பிடியடி நிப்பாய்?"

"தனிய நிண்டா ஒரு சீட்டும் வராது. பிறகு காணாமல் போன ஆக்களைப் பற்றி ஆர் கேக்கிறது? நீங்கள் ஹீற்றருக்குப் பக்கத்தில இருந்து கத்துங்கோ."

ஒரு பின்னேரம் தங்கையின் வாசலில் யாரோ சுட்டுவிட்டுப் போனார்கள். அண்ணை வேறு வழியின்றி, முன்பு ஆயுதக் குழுவாக இருந்த அந்தக் கட்சியில் இருந்த தன் பள்ளித் தோழரை அழைத்தார். பல வருடங்களாகப் பேசாதவர். தங்கையின் வீட்டுக்கு ஒரு காவலாளைக் கேட்டு வாங்கினார். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலை தங்கை தாழ்ந்த குரலில் பேசினார். "அண்ணை, நீங்கள் அனுப்பினவனை எனக்குத் தெரியும். என்ர மனுசனைக் கூட்டிக்கொண்டு போக வந்தவங்களில ஒருத்தன்."

அண்ணையின் கை நாடாவில் நின்றது. "இப்பவே அவனை எடுப்பிக்கிறன்."

"வேண்டாம். தேர்தல் முடிஞ்சா அவன் போயிடுவான். அதுக்குள்ள அவருக்கு என்ன நடந்தது எண்டு கேக்கவேணும்."

"சுட்டாலும் சுடுவான், அவனிட்டத் துவக்கு இருக்கு."

"அண்டைக்கும் இருந்ததுதான்."

பிறகு ஒவ்வொரு காலையும் அண்ணை "கேட்டனியோ?" என்பார். "இல்லை" என்று வரும். தோழரின் இலக்கத்தை எடுப்பார், அழுத்தாமல் வைப்பார். அந்தக் காவலாள் தங்கையின் வாகனத்தில் முன்னால் இருந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். நாங்கள் பஸ்ஸுக்கு நடப்போம்.

வாக்களிப்புக்கு முதல் நாள் தங்கை சொன்னார்: "கேட்டனான். 'எனக்கு வாகனம் ஓட்டத்தான் சொன்னவை அக்கா. அவரை மடு றோட்டில இறக்கினது. இறக்கேக்க உயிரோட இருந்தவர்' எண்டான். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைச்சிட்டுப் போயிட்டான்."

"அப்ப வாசலில இப்ப ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

மறுநாள் அண்ணை களஞ்சியத்தில் இரண்டு பெட்டிகளைப் போட்டு உடைத்தார். தங்கைக்கு ஒன்றும் நடக்கவில்லை. தேர்தலில் தோற்றார், அவ்வளவுதான்.

பல வருடங்களுக்குப் பிறகு, போன கிழமை அண்ணையைக் கண்டேன். கூட்டுகள் எத்தனையோ தரம் மாறிவிட்டன. எந்தக் கட்சிக்காரர் வாசலுக்கு வந்தாலும், கணவரைத் தேடி மடு றோட்டைத் தோண்டிப் பார்ப்பீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் தங்கை கதிரையில் இருக்கச் சொல்வாராம். "அரைவாசிப் பேர் நிண்டபடியே போயிடுவினம்," என்றார் அண்ணை.