நான் எழுதிக் கொடுத்த மனு

எங்கள் ஊர் பஞ்சாயத்து போர்டில் மலம் அள்ளும் வேலை பார்த்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவர் என் அப்பா. பாகலூர் ரோட்டு வீடுகளின் பின்சந்துகள் அவர் பொறுப்பு. அள்ளியதைத் தகரக் கூடையில் போட்டுத் தலையில் சுமந்து ஊருக்கு வெளியே இருந்த குழி வரை நடக்க வேண்டும். மழை பெய்தால் கூடையில் இருப்பது முகத்தில் வழியும். அவர்கள் கேட்டதெல்லாம் தள்ளுவண்டி. இரண்டு வருஷமாகக் கேட்டார்கள்.

அந்த ஐப்பசியில், வேலையை நிறுத்திவிடலாம் என்று முடிவானது. அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டிரைக் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ஒரே நாளில் ஒன்பது பேருக்கும் காய்ச்சல் வரும். மேஸ்திரி வந்து கூப்பிட்டால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முனகுவார்கள். அவருக்கும் விஷயம் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, சேலத்தில் வாத்தியார் பயிற்சிக்கு இடமும் கிடைத்திருந்தது. இந்தக் காய்ச்சல் நாடகம் எனக்குக் கேவலமாகப் பட்டது.

"நியாயத்தைத்தானே கேக்கறோம்? எதுக்குப் பொய் சொல்லணும்? எழுதிக் குடுப்போம்" என்றேன்.

"கலெக்டரு உத்தரவு போட்டுட்டாருண்ணா!" என்று சித்தப்பா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "ஏண்டா, எழுதினா வண்டி தானா உருண்டு வந்துருமா?"

அப்பா சிரிக்கவில்லை. "படிச்ச புள்ள சொல்றான். அவன் சொல்றாப்லயே செய்யலாம்" என்றார்.

'தள்ளுவண்டி தரும் வரை திங்கட்கிழமை முதல் நாங்கள் ஒன்பது பேரும் வேலைக்கு வரமாட்டோம்' என்று எழுதினேன். கீழே ஒன்பது கைநாட்டு. போர்டு ஆபீசுக்கு அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்தார்.

திங்கட்கிழமை யாரும் வேலைக்குப் போகவில்லை. புதன்கிழமை போலீஸ் வந்து ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு போனது.

கோர்ட்டில்தான் அந்தச் சட்டத்தை முதன்முதலாகக் கேட்டேன். ஊர்ச் சுகாதாரத்துக்கு இன்றியமையாத வேலை இது. அனுமதி இல்லாமலோ, இரண்டு மாதம் முன்னதாக எழுதித் தராமலோ வேலையை விட்டு நின்றால் சிறை. உடம்பு சரியில்லாதவனுக்கு மட்டும் விலக்கு. போர்டு வக்கீல் மனுவை உயர்த்திக் காட்டினார். வேறு சாட்சியே தேவைப்படவில்லை. தூண்டிவிட்டவனுக்கும் தண்டனை உண்டு என்றார்.

"இதை யார் எழுதியது?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தாங்க எழுதினேன், சாமி."

"எழுதத் தெரிந்தவன் கைநாட்டு ஏன் வைத்தாய்?"

"அவசரத்துலங்க."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்துவிட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தச் சிரிப்பு நின்றிருக்கும். என் வாய் திறக்கவில்லை. பயிற்சிக்கு வந்த கடிதம் சட்டைப் பையில் இருந்தது. போலீஸ் கேஸ் உள்ளவனை வாத்தியார் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது.

எட்டுப் பேருக்கு ஒரு மாதம். அப்பாவுக்கு இரண்டு. மாநில எல்லையில் இருக்கும் ஜூஜுவாடிக்கு அந்தப் பக்கமிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து போர்டு வேலையை நடத்திக்கொண்டது.

அவர் விடுதலையான அன்று சேலத்திலிருந்து வந்து ஜெயில் வாசலில் நின்றேன். ரொம்ப இளைத்திருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ் முழுக்க வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"லீவு எழுதிக் குடுத்துட்டுத்தானே வந்த?" என்றார் அப்பா.

"குடுத்துட்டேன்ப்பா."

"அதான் சரி. சொல்லாம கொள்ளாம நின்னுறக் கூடாது."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். நான் சேர்த்து வைத்திருந்த எதையும் அதன்பிறகு சொல்ல முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் அவர் வேலைக்குக் கிளம்பிப் போனார். நான் அயர்ந்து தூங்குவதுபோல் கண்ணை மூடிக் கிடந்தேன்.