அக்கா சாலையைக் கடந்த கணக்கு

காலை ஆறே காலுக்கு நான் பால் சொசைட்டி வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து, புதிதாக வந்தவர்கள் யாரையோ எதிர்பார்க்கிறேன் என்று நினைக்கிறார்கள். பழையவர்கள் ஒன்றும் கேட்பதில்லை. நானும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், கோயமுத்தூர்–பொள்ளாச்சி சாலையை ஒட்டியது எங்கள் ஊர். ஊர்ச் சொசைட்டிக்கு நெடுங்காலமாக நான்தான் செயலாளர். வீடுகளும் மாடுகளும் சாலைக்கு மேற்கே, சொசைட்டி கிழக்கே. சாலை ஒடுக்கமாக இருந்த காலத்தில் இது ஒரு விஷயமே இல்லை. இரண்டு பக்கமும் புளியமரங்கள். எந்த வீட்டு மாடு சினையாக இருக்கிறது என்பது வரை டவுன் பஸ் டிரைவருக்குத் தெரியும். போசி என்று நாங்கள் சொல்லும் பால் பாத்திரத்தோடு ஒரு பெண் ஓரத்தில் நின்றால் பஸ்ஸை நிறுத்தி, "போங்கம்மணி" என்பார். அவள், "இல்லீங்க, நீங்க போங்க" என்பாள். அவர் மறுபடியும் சொல்வார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் இருவரில் ஒருவர் நகர்வார். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. அந்த ஹாரன் சத்தத்தைக்கூட இப்போது ஆசையாக நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு சாலை நான்கு வழியானது. புளியமரங்கள் போயின. நடுவில் முட்டி உயரத்துக்கு மீடியன் என்று ஒரு தடுப்புச் சுவர் கட்டினார்கள். வண்டிகளுக்கு இறக்கை முளைத்துவிட்டது. எங்கள் நிறுத்தத்தில் பால் போசி உருண்டு கிடந்ததை நான் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை பால் மட்டும்தான் போனது. இரண்டாம் முறை போசிக்காரியும் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம், என் அக்காவைப் பற்றி.

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். கணவர் இறந்த பின் இரண்டு மாடுகளை வைத்துப் பிழைத்தவள். இடது முட்டி தேய்ந்துபோயிருந்தது. காலையும் மாலையும் இரண்டு போசிகளில் பாலைக் கொண்டுவருவாள். சொசைட்டிக் கதவு பக்கவாட்டுச் சந்துக்குள் திறக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குச் சாலை தெரியாது. இரண்டு கையிலும் போசியோடு அவள் வாசலில் வந்து நிற்கும்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

அந்தச் சமயத்தில்தான் சாலைப் பாதுகாப்புக்கென்று ஒரு கூட்டுத் திட்டம் வந்தது. வெளிநாட்டு வங்கி ஒன்று பணம் தரும். நெடுஞ்சாலைத் துறை வேலை செய்யும். பொறியியல் கல்லூரி ஒன்று எங்கெங்கே ஆபத்து என்று அளந்து சொல்லும். ஊர்க்காரர்கள் தங்கள் கஷ்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். ஆபத்தான இடங்களில் பாதசாரிகள் கடக்க வசதி செய்து தருவார்களாம். எங்கள் நிறுத்தத்தைப் பார்க்க இன்ன தேதியில் குழு வருகிறது என்று கடிதம் வந்தது.

தேதி போட்டுச் சொன்னதுதான் வினை. அன்று சாயங்காலமே சொசைட்டியில் கூட்டம் போட்டேன்.

"வெளிநாட்டுல இருந்தெல்லாம் வாராங்க. விருந்தாளி வர்ற அன்னிக்கு நம்ம ஊரு அலங்கோலமாவா கெடக்கறது? அவங்க மொகம் சுளிக்கற மாதிரி யாரும் எதும் பேசப்படாது" என்றேன்.

எல்லோரும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். இதற்கு மாற்றுக் கருத்து சொல்ல ஓர் ஆள்கூட எங்கள் ஊரில் இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

குழு வந்த காலையில் சொசைட்டி வாசலில் பெரிய கோலம். சாலையின் இரண்டு பக்கமும் சிவப்புத் துண்டோடு நான்கு பெரிய மனிதர்கள். டவுன் பஸ் டிரைவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியாயிற்று. பெண்கள் எல்லாம் நல்ல சேலை கட்டி, மொத்தமாகச் சேர்ந்து வந்து நின்றார்கள். துண்டு அசைந்தது. பொள்ளாச்சி பஸ் நின்றது. அதன் பின்னால் எல்லாம் நின்றன. பெண்கள் கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி நடந்து வந்தார்கள். அக்காவின் போசிகளை யாரோ வாங்கிக்கொண்டார்கள். வெள்ளைக்கார அதிகாரி எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார். கல்லூரியிலிருந்து வந்த இளம் பொறியாளர், சூலூர்க்காரப் பெண், ஒவ்வொருவரிடமும் போய், கடப்பதற்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டாள்.

"ஒரு கஷ்டமும் இல்லீங்க. எல்லாரும் நல்லா நின்னு உடறாங்க" என்றார்கள். அக்கா, "சௌரியமா இருக்குதுங்க" என்றாள். எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தோம். அதிகாரி கை கூப்பி விடைபெற்றார். அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. எங்களுக்கு முந்தின ஊர் இருந்தது. பிந்தின ஊர் இருந்தது. எங்கள் ஊர் இல்லை. இந்த இடத்தில் மக்கள் ஒழுங்காகக் கடக்கிறார்கள், ஓட்டுநர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள், உடனடித் தேவை இல்லை என்று காரணமும் எழுதியிருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ஊர்கூட்டி, கோலம் போட்டு வைத்திருந்தேன்.

மறுநாளே பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய், அந்தப் பெண்ணிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க ஊர்லயும் இதைத்தானுங்க சார் செஞ்சிருப்பாங்க" என்றாள். பட்டியலை மாற்றத் துறையிடம் கேட்கலாம், ஆனால் புதிதாக எண்ணிக் காட்ட வேண்டும் என்றாள். "இந்தத் தடவ யாருக்கும் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. மூன்று நாள் காலையில் இருட்டோடு வந்து சொசைட்டி மொட்டை மாடியில் உட்கார்ந்து எண்ணினாள். நான் வழக்கம்போல் கீழே பால் அளந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தாள்களைக் கொண்டுவந்து என் முன் விரித்தாள். ஆளுக்கு ஒரு வரி. மீடியன் வரை ஒரு கோடு, மீடியனிலிருந்து இந்தப் பக்கம் ஒரு கோடு. வந்து சேர ஆளுக்கு இரண்டு கோடு.

"இந்த ஒருத்தருக்கு மட்டும் ஆறு கோடுங்க சார். மூணு நாளும் அப்படித்தான். நீலச் சேலை, கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கறாங்க. யாருங்க அவங்க?"

தாளை வாங்கி அந்த ஆறு கோட்டையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.

மறுநாள் அளக்கும் வேலையை உதவியாளரிடம் விட்டுவிட்டு நானே மாடிக்குப் போனேன். அக்கா ஓரத்தில் ஒரு போசியை வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நடுவுக்கு வந்து, போசியை மீடியன் மேல் வைத்தாள். திரும்பிப் போனாள். ஒரு கார் ஹாரனை அடித்துக்கொண்டே அவள் முந்தானையை ஒட்டிப் போனது. இரண்டாவது போசியோடு வந்து, அதையும் மீடியன் மேல் வைத்தாள். ஒரு கையால் மீடியனைப் பிடித்து, முட்டி தேய்ந்த காலை இன்னொரு கையால் தூக்கி வைத்து ஏறினாள். இறங்கி, ஒரு போசியை இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டு, மற்றதற்காகத் திரும்பவும் போனாள். பிறகு முகத்தைத் துடைத்து, தலையைச் சரிசெய்து, இரண்டு போசிகளையும் எடுத்துக்கொண்டு சந்துக்குள் திரும்பினாள். இத்தனை வருடம் நான் பார்த்து நிம்மதிப்பட்டது இந்தக் கடைசி நடையைத்தான். மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஏனுங்க்கா, எத்தன நாளா இப்படி?"

"மீடியன் கட்டுனதுல இருந்துதான். ரெண்டு கையிலயும் போசி இருந்தா எதப் புடிச்சு ஏறறது?"

"எங்கிட்டச் சொல்லலாமல்ல?"

"சொன்னா நீ ஓடி வந்துருவே. அங்க பாலை யாரு அளக்கறது? வரிசையில நிக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"சரி, அந்த வெள்ளக்காரர் வந்தன்னிக்காச்சும் சொல்லியிருக்கலாமே?"

அக்கா மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணி கரைத்துக்கொண்டே, "நீதானே கண்ணு சொன்னே, வந்தவங்க மொகம் சுளிக்கற மாதிரி எதும் பேசப்படாதுன்னு" என்றாள்.

அவளைக் காப்பாற்ற வந்தவர்களை அழகாக வழியனுப்பி வைத்தவன் நான். அவள் குரலில் குறை எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஆறு கோட்டுத் தாள் துறை அலுவலகம் வரை போனது. குழு மறுபடியும் வந்தது. இந்த முறை கோலமும் இல்லை, துண்டும் இல்லை, இளநீரும் இல்லை. இளநீர் இல்லாததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். பெண்கள் வாயைத் திறந்தார்கள். திறந்த வாயை மூடுவதற்குள் மதியமாகிவிட்டது. ஒரு வருடம் இழுத்தாலும் வேலை நடந்தது. மீடியனை வெட்டி, கடக்கும் இடத்தைச் சற்றே மேடாக்கி, பட்டையாக வெள்ளைக் கோடு போட்டு விளக்கு வைத்தார்கள். பஸ்காரர்கள் சங்கம் டிரைவர்களை அழைத்து வந்து காட்டியது. முதல் மாதம் அங்கே நின்று வண்டிகளைப் பழக்குவது எங்கள் ஊர்ப் பங்கு. பழைய சிவப்புத் துண்டுகளுக்கு உருப்படியான வேலை கிடைத்தது. முன்பின் தெரியாத அத்தனை பேர் சேர்ந்து எங்கள் ஊர்ப் போசிகளுக்காக மெனக்கெட்ட அந்த ஒரு வருடத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் வேறில்லை.

முதல் நாள் அக்கா இரண்டு போசிகளோடு ஒரே நடையில் வந்தாள். பாதியில் நின்றுவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால், நிறுத்தியிருந்த தேங்காய் லாரி டிரைவரிடம், "ரொம்ப நன்றிங்க, நல்லா இருப்பீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"ரோட்டு நடுவுல நின்னுட்டு என்ன பேச்சு! வாங்க்கா!" என்று கத்தினேன்.

"நமக்காக நிக்கறாரு. ஒரு வார்த்த சொல்லாம வாரதா?" என்றாள்.

அக்கா மாடுகளைக் கொடுத்து மூன்று வருடமாகிறது. முட்டிக்கு ஆபரேஷன் ஆகி, வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருந்தும் ஆறே காலானால் என் கால் தானாக வாசலுக்கு வந்துவிடுகிறது. அவள் வரமாட்டாள் என்று தெரியும். பத்திரமாக இருக்கிறாள் என்றும் தெரியும். இன்று காலையும் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்தது.

"வெளிய நின்னுட்டு இருக்கறயா?" என்றாள் அக்கா. "நா ஊட்லதான் இருக்கறேன் சாமி. நீ உள்ள போயி பாலை அள."