பன்னிரண்டாவது கட்டு

மீமூந்த் அக்கா நன்றாகப் பொய் சொல்லுவாள் என்று நான் எழுதினால் எங்கள் மலையில் யாரும் அதை வசவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதினேழு வருஷம் அவள் புருஷன் அல்லால் மேல் பிடிவாரண்ட் இருந்தது. கஞ்சா பயிரிட்ட குற்றம். எங்கள் கெத்தாமா மலைப் பக்கத்தில் அந்தக் குற்றம் செய்யாத வீடு எது? காவலர்கள் வாசலில் வந்து நின்று, "உன் புருஷன் எங்கே?" என்பார்கள். "நீங்க அவரைப் பத்தி சேதி கொண்டாந்திருக்கீங்கன்னுல்ல ஓடி வந்தேன்! இருக்காரா செத்தாரா, ஒண்ணும் தெரியலையே ஐயா" என்று இவள் கண்ணைக் கசக்குவாள். அல்லால் அப்போது உள்ளே மொச்சைக் கூழில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருப்பான். அந்தப் பதினேழு வருஷத்தில் அவள் வாயிலிருந்து ஒரு பெயர், ஒரு வீடு, ஒரு ஒற்றையடிப் பாதைகூட வெளியே வந்ததில்லை.

பிறகு சட்டம் மாறியது. உரிமம் வாங்கி, கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் மருந்துக்காகக் கஞ்சா பயிரிடலாம் என்றார்கள். பழைய வாரண்டுகளுக்கு மன்னிப்பும் வந்தது. அல்லால் முதல் முறையாகப் பட்டப்பகலில் சந்தைக்கு நடந்து போனான். எதையும் வாங்கவில்லை. காவல் சாவடிக்கு முன்னால் இரண்டு தடவை நெஞ்சை நிமிர்த்தி நடந்துவிட்டுத் திரும்பி வந்தான், பைத்தியக்காரன். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சங்கத்தில் முப்பத்தொரு வீடு. மீமூந்த் அக்காதான் செயலாளர். நாற்பது வயதுக்கு மேல் பள்ளிவாசல் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவள். எந்த நிலத்தில் யார் வீட்டு விதை, எத்தனை செடி, என்றைக்கு அறுப்பு என்று பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. நான் ஷுஐப். உறுப்பினன், டாக்சியும் ஓட்டுகிறேன். அதிகாரிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர்களுக்கும் என்னைப் பிடிப்பதில்லை, நல்லதுதான்.

போன வருஷம் அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் ஆலங்கட்டி மழை கொட்டியது. மற்ற நிலங்களைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு ஹத்தூம் என்பவளின் நிலத்தை மட்டும் துவம்சம் செய்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வீட்டுக்கு நேர்ந்தால் யாரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை. அறுப்பு முடிந்ததும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்கொரு கஞ்சாக் கட்டு அந்த வாசலில் வந்து விழும். யார் போட்டது என்று கேட்கக் கூடாது, நன்றி சொல்லவும் கூடாது. ஹத்தூம் வாசலில் பன்னிரண்டு கட்டு விழுந்தன. மீமூந்த் அக்கா அவற்றைப் 'பதினேழாம் நிலம், ஹத்தூம், அறுப்பு' என்று பதிவேட்டில் எழுதி, கம்பெனி லாரியில் ஏற்றிவிட்டாள். அதில் தப்பு இருப்பதாக எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

பதினோரு கட்டு உரிமம் உள்ள நிலங்களிலிருந்து வந்தவை. பன்னிரண்டாவது என்னுடையது. மேட்டில் எனக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது, உரிமத்தில் வராதது, யாரிடமும் சொல்லாதது. பழைய பழக்கம், விட முடியவில்லை. உரிம நிலத்தில் ஒரு கட்டு எடுத்தால் என் ஒப்பந்த அளவு குறைந்துவிடுமே என்று மேட்டிலிருந்து அறுத்துக் கொண்டுபோய்ப் போட்டேன். கொடுக்கிறதிலும் கஞ்சத்தனம். தூ!

குளிர்காலம் முடிகிற நேரத்தில் தாஞ்சியர் நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. மருத்துவக் கஞ்சாவின் விதிமுறைகளைப் பற்றி இரண்டு நாள் மாநாடு. கம்பெனிக்காரர்கள், வெளிநாட்டு மருந்து வியாபாரிகள், அதிகாரிகள் எல்லாரும் வருவார்கள். எங்களுடையது முன்மாதிரிச் சங்கமாம், செயலாளர் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். பேசும் அரங்குக்குத் தலைவர் ஆய்வுப் பிரிவு அதிகாரி செப்தி. எங்கள் முப்பத்தொரு வீட்டு உரிமத்தைப் புதுப்பிக்க அடுத்த வாரம் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரேதான். நான் டாக்சியை எடுத்தேன்.

பாதி வழியில் அக்கா, "ஷுஐபு, வண்டியை ஓரங்கட்டு" என்றாள்.

வாந்தி வருகிறதோ என்று நிறுத்தினேன். அவள் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தாள். பேச்சுக்காகப் படித்திருக்கிறாள்.

"நாம தப்பு பண்ணிட்டோம்டா. ஆலங்கட்டி விழுந்தா மூணு நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம். ஒரு நிலத்து அறுப்புல இன்னொரு நிலத்து அறுப்பைக் கலந்தா லைசென்ஸ் ரத்தாம். சங்கத்துக்கே."

"யாருக்கு அக்கா தெரியப் போவுது?"

"ஹத்தூம் பேர்ல போன மூட்டையை மட்டும் கம்பெனி தனியா எடுத்து லேப்புக்கு அனுப்பிருக்கு. நேத்துதான் சொன்னாங்க."

நான் ஸ்டியரிங்கைத் தட்டினேன். "லேப்புல என்னத்தைக் கண்டுபிடிப்பான்? எல வெறும் எலதானே. பேசாம பத்து நிமிஷம் பேசிட்டு, டீயக் குடிச்சிட்டு வந்துருவோம்."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "லைசென்ஸ் போச்சுன்னா அல்லால் மறுபடி பின்கட்டுல உக்காந்துதான் சோறு திங்கணும்" என்றாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

மாநாட்டு மண்டபத்தில் அப்படியொரு குளிர். வாசலில் ஒரு பெண் அக்காவின் கழுத்தில் புகைப்பட அட்டையை மாட்டினாள். படம் எடுக்க யாரையும் விடாதவள், அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள், அதுவும் திரும்பித் திரும்பி முகத்தைக் காட்டியது. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் எண்ணெய்க் குப்பிகளும் களிம்பும் வைத்திருந்தார்கள். கோட்டுப் போட்ட ஒருத்தன் எங்கள் செடியைப் பற்றி எனக்கே விளக்கினான். வேறு நாளாயிருந்தால் நாலு கேள்வி கேட்டு அவனை ஓட விட்டிருப்பேன். அன்றைக்கு 'ஆமாம் ஐயா' என்று தலையாட்டினேன்.

செப்தி ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம். திரையில் பன்னிரண்டு புள்ளிகள் வந்தன. பதினொன்று பச்சை, ஒன்று சிவப்பு.

"வடக்கு மலையில ஒரு சங்கம்" என்று ஆரம்பித்தார். "எந்தச் சங்கம்னு எனக்கே தெரியாது. சோதனைக்கு வர்ற மாதிரியில வெறும் நம்பர்தான், பேரு ஒட்டின உறைக்குள்ள இருக்கும். ஒரே நிலத்து அறுப்புன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. தண்டு தண்டா சோதிச்சா பன்னிரண்டு வீட்டு விதை இருக்கு. பதினொண்ணு நம்ம பதிவுல இருக்கிற விதை. ஒண்ணு எந்தப் பதிவுலயும் இல்ல. அதாவது லைசென்ஸ் இல்லாத நிலம். திங்கக்கிழமை உறையைப் பிரிச்சு யாருன்னு பாப்போம். அதுக்கு முன்னாடி அவங்களா வந்து சொன்னா அதைத் தவறுன்னு எழுதுவேன். நாங்களா கண்டுபிடிச்சா மோசடின்னு எழுதுவேன், சங்கத்தை மூடிருவேன்."

எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த வெளிநாட்டுக்காரன் காதில் மொழிபெயர்ப்புக் கருவியை மாட்டிக்கொண்டு இதையெல்லாம் சிரத்தையாக எழுதிக்கொண்டிருந்தான்.

அடுத்து மீமூந்த் அக்காவைக் கூப்பிட்டார்கள். 'முன்மாதிரிச் சங்கத்தின் செயலாளர்' என்றதும் கைதட்டல். கோடு போட்ட மேல்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினாள். விவசாய அதிகாரி எழுதிக் கொடுத்த பேச்சு கையில் இருந்தது. முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரியில் நின்றாள். தாளை மடித்து மேசை மேல் வைத்தாள்.

"ஐயா, திங்கக்கிழமை நீங்க சிரமப்பட வேணாம்" என்றாள். "அந்தச் சங்கம் எங்களுதுதான்."

மண்டபத்தில் ஒரு சத்தம் எழுந்தது. மொழிபெயர்ப்பு ஒரு விநாடி தாமதமாகப் போனதால் வெளிநாட்டுக்காரர்கள் பக்கத்திலிருந்து அதே சத்தம் இன்னொரு தடவை வந்தது.

ஆலங்கட்டியைச் சொன்னாள், வாசலில் விழுகிற கட்டுகளைச் சொன்னாள். "கஷ்டப்பட்ட வீட்டுக்குப் போட்டதை நாங்க கலப்படம்னு நினைக்கல. உங்க புத்தகம் அதைக் கலப்படம்னு சொல்லுது. படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. எழுதினது என் கை, தப்பு என்னுது."

"எந்தெந்த வீடு?" என்றார் செப்தி. பேனாவை எடுத்தார்.

காவலர்கள் கதவை உடைத்தபோதும் ஒரு பெயர் சொல்லாதவள், ஒலிபெருக்கியில் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் நில எண்ணோடு. நான் விரல் மடக்கினேன். ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மிடறு எச்சில் விழுங்கினாள். பதினொன்றோடு நிறுத்தினாள்.

"பன்னிரண்டாவது?"

நான் எழுந்துவிட்டேன். சத்தியமாக எழுந்தேன், முழங்கால் முன் நாற்காலியில் இடித்தது. என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "டிரைவர் தம்பி, வண்டி எடுக்க இப்ப ஒண்ணும் அவசரமில்ல. உக்காருங்க" என்றாள் ஒலிபெருக்கியிலேயே. மண்டபம் சிரித்தது. எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது.

நான் உட்கார்ந்தேன்.

"பன்னிரண்டாவது என்னுது ஐயா" என்றாள் செப்தியிடம். "வீட்டுக்குப் பின்னாடி இருபது செடி. பழைய புத்தி, விடல."

"அந்த விதை இருக்கா?"

"கோழி தின்னுருச்சு."

"செடி?"

"ஆடு."

செப்தி பேனாவை வைத்துவிட்டு அவளை நிதானமாகப் பார்த்தார். நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பதினேழு வருஷம் வாசலில் நின்ற காவலர்களும் நம்பியதில்லை. "இதோட விளைவு தெரியுமா லாலா மீமூந்த்?" என்று, 'லாலா' என்ற மரியாதைச் சொல் போட்டே கேட்டார்.

"நானாத்தானே வந்து சொன்னேன். சங்கத்துக்கு அது தவறு. எனக்கு நீங்க என்ன வேணா எழுதிக்கங்க."

அவர் எழுதினார்.

திரும்பி வரும்போது மலையேற்றம் தொடங்கியதும், "உனக்கு எப்படி அக்கா தெரியும்?" என்றேன்.

"உன் மேட்டு நிலத்துத் தண்டு செவப்பா இருக்கும். கட்டைப் பாத்த அன்னைக்கே தெரியும். ஒரு கட்டுதானே, போவுதுன்னு விட்டேன்."

"என் பேரைச் சொல்லிருக்கலாம்."

"பதினோரு பேரும் லைசென்ஸ் கார்டு இருக்கிற பேரு. அதைச் சொல்றதுக்கே நாக்கு வரல எனக்கு. கார்டு இல்லாத நிலத்துக்காரன் பேரை எப்படிடா சொல்லுவேன்?" என்றாள். அப்புறம் கோபமாக, "ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றாள்.

திங்கட்கிழமை உறை பிரித்தார்கள். அவள் சொன்ன பதினொன்றும் சரியாகப் பொருந்தின. சங்கத்துக்கு எச்சரிக்கையோடு உரிமம் புதுப்பிக்கப்பட்டது. மீமூந்த் அக்காவின் கார்டு ஐந்து வருஷத்துக்கு ரத்து, நீதிமன்றத்தில் வழக்கு வேறு. அதற்கு முன்பே நான் மேட்டு நிலத்தில் மிஞ்சிய கட்டைகளைக் கொத்தி, விதையோடு எரித்துவிட்டேன். அதை மட்டும் சுறுசுறுப்பாகச் செய்தேன்.

சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்கு அவளைக் கிழித்தார்கள். "இருபது செடிக்காக முப்பத்தொரு வீட்டையும் தெருவுல நிறுத்தப் பாத்தாளே!" என்றான் ஒருத்தன். ஹத்தூமே, "எனக்குப் போட்ட கட்டுல திருட்டுச் சரக்கையா கலந்தா?" என்று கேட்டாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அல்லால் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். புதுச் செயலாளர் வேண்டும், பிரெஞ்சுக் கடிதம் படிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்றார்கள். எல்லாரும் கை தூக்கினார்கள். என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

மறுநாள் காலை பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"தாஞ்சியர் போறேன் அக்கா. செப்திகிட்ட உண்மையச் சொல்லிடறேன். என்னால முடியல."

அவள் முற்றத்தில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையை நிறுத்தவில்லை. "போ. நான் மேடையில சொன்னது பொய்யின்னு ஆவும். அதுல ஒண்ணு பொய்யின்னா பதினோரு பேரையும் திரும்பத் தோண்டுவான். மோசடின்னு எழுதுவான். முப்பத்தொரு வீடும் போவும். உன் மனசு மட்டும் லேசாயிரும்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"செயலாளர் வேலையப் பண்ணு." கையைத் துடைத்துக்கொண்டு வந்து பதிவேட்டைத் தானே புரட்டினாள். ஒன்பதாம் நிலம், அவளுடையது, அந்த வரியில் விரல் வைத்தாள். "எழுது. என் பேரை முழுசா எழுது, பாதியில விட்டுராத."

உள்ளேயிருந்து அல்லால், "யாரு வந்திருக்கா?" என்று கேட்டான்.

"செயலாளர் வந்திருக்காரு" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை.

நான் அவள் பெயரை முழுதாக எழுதி, அதற்குப் பக்கத்தில் 'உரிமம் இல்லை' என்று எழுதினேன்.